பேருந்து நிலையத்தின் மரச்சுவர்

"டீச்சர், சுவர் எப்படி இருக்கு?"

இருதயராஜ் இப்படிக் கேட்பது அன்று காலையில் மூன்றாவது முறை. வங்கி வேலையை விட்டுவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் கட்டடக் கலை கற்க வந்தவர். அவருடைய ஆசிரியை சுகிர்தா அவரைவிட வயதில் சிறியவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

மலையூரின் புதிய பேருந்து நிலையத்துக்கு மறுநாள் திறப்பு விழா. முகப்பு முழுக்கக் கருங்கல்லின் மேல் பதித்த மரப்பலகை. இருதயராஜ் தனியாகச் செய்த முதல் சுவர் அது. அது சரியாக அமைந்தால் அடுத்த கட்டடத்தை அவரிடமே விட்டுவிடுவதாக சுகிர்தா சொல்லியிருந்தாள். மனிதருக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

சுகிர்தா சுவரைத் தடவிப் பார்த்தாள். ரம்பத்தின் வரிகள் விரலில் தட்டுப்பட்டன.

"இழைக்கலையா?"

"வேணும்னேதான் விட்டேன் டீச்சர். வழுவழுன்னு இருந்தா காதலர்கள் பேர் செதுக்கிடுவாங்க."

சிரித்துக்கொண்டே அவள் குனிந்து சுவரின் அடியைப் பார்த்தாள். பலகைகள் மண் வரைக்கும் இறங்கியிருந்தன.

"அதுதான் என்னோட யோசனை," என்றார் அவர். "மண்ணுலேர்ந்தே முளைச்சு வந்த மாதிரி இருக்கு, இல்லையா?"

அவருக்கு அதில் அவ்வளவு பெருமை.

"இந்த மரம் எங்கே வளர்ந்தது?"

"மேலே, தேயிலைத் தோட்டத்துல. நிழலுக்கு வெச்ச சில்வர் ஓக். ஒண்ணு வெட்டினா ஒண்ணு நடறாங்க. என் கண்ணால பார்த்தேன். காட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை."

"காட்டுங்க."

ஏறினார்கள். விழாவுக்கென்று தைத்த சந்தன நிறப் பேண்ட்டை அவர் ஆசைக்கு அன்றே போட்டுக்கொண்டு வந்திருந்தார். நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன, இந்தப் பெண் எதற்கு மலையேற்றுகிறாள் என்று வழியெல்லாம் யோசித்தார்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு கன்று நின்றது. முழங்கால் உயரம்கூட இல்லை.

"இது எப்ப பலகையாகும் சார்?"

"இருபது, இருபத்தஞ்சு வருஷம் ஆகும்."

சுகிர்தா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவளோ கையைத் தலைக்கு மேலே தூக்கி, அவர் காலடியில் இருந்த வெற்று மண்ணில் மடமடவென்று கொட்டினாள்.

சேறு தெறித்தது. இருதயராஜ் துள்ளிப் பின்வாங்கினார்.

"என்ன டீச்சர் இது! புதுப் பேண்ட்!"

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. பாட்டிலை மூடினாள்.

"அந்தச் சுவர் இந்தக் கன்னு பலகையாகுற வரைக்கும் தாங்குமா சார்?"

அவர் குனிந்து பேண்ட்டைப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் சேறு.

"கூரைத் தண்ணி இப்படித் தெறிச்சா பலகையோட அடி மக்கி..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

இறங்கும்போது அவர்தான் முன்னால் போனார். ஓட்டம் என்றே சொல்ல வேண்டும்.

நிலையத்துக்கு வந்ததும் முழங்கால் உயரத்தில் சுவர் நெடுக ஒரு கோடு போட்டார். ரம்பத்தை எடுத்து, தான் பெருமைப்பட்ட அந்த அடிப்பாகத்தைத் தானே அறுக்கத் தொடங்கினார். முதல் பலகையில் கை தயங்கியது. அப்புறம் தயங்கவில்லை. பலகைக்குப் பின்னால் இருந்த கருங்கல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிந்தது.

சுகிர்தா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நகராட்சித் தலைவர் வருவார் சார். கீழே ஏன் மொட்டையா விட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

இருதயராஜ் தலை நிமிரவில்லை.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன் டீச்சர். தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். வெள்ளை வேட்டிதானே கட்டிட்டு வருவார்?"