சுவரில் மிஞ்சிய புல்

மலையடிவாரத்தில் உமையாள் அம்மையின் ஆசிரமத்துக் கூடத்துக்குக் கதவு கிடையாது. விடிந்தால் பனிமூட்டம்தான் முதலில் உள்ளே வரும், பிள்ளைகள் அதற்குப் பிறகுதான். அந்தக் கூடத்துச் சுவரில் சிற்றம்பலம் இருபத்தொரு விலங்குகளை வரைந்து வைத்திருந்தார்.

அவர் அம்மையின் சீடர், அம்மையைவிட இருபது வயது மூத்தவர். ஒரு காலத்தில் கோயில் விதானங்களில் படம் வரைந்தவர். எல்லாவற்றையும் துறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். தூரிகைகளை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

ஐப்பசி பிறந்ததும் ரங்காயி என்ற ஆட்டுக்காரப் பெண் தன் சின்ன மகள் செவந்தியைக் கொண்டுவந்து விட்டாள். மூத்தவள் போன வருஷம் ஆடு ஓட்டிப் போனவள். சாயங்காலம் ஆடுகள் மட்டும் வீடு வந்து சேர்ந்தன. சிறுத்தையை நாய் என்று நினைத்து அவள் நின்றுவிட்டாளாம், எதிர்மேட்டில் இருந்து பார்த்தவர்கள் சொன்னது. தை பிறந்தால் ஆறு வயதுச் செவந்தி ஆட்டின் பின்னால் போயாக வேண்டும், வீட்டில் வேறு ஆள் இல்லை.

"எது எதுன்னு இவளுக்குத் தெரிஞ்சாப் போதுமுங்க சாமி," என்றாள் ரங்காயி. "அதுலயும் அந்தச் சிறுத்தைய நல்லாக் காட்டிக் குடுத்துருங்க."

சிற்றம்பலம் நாற்பது நாள் வரைந்தார். புதரடியில் முயல், கறையான் புற்றருகே கரடி, கிளறிப்போட்ட மண்ணில் காட்டுப்பன்றி, ஒடிந்த மூங்கிலோடு யானை. கடைசியாக, இடுப்புயரப் புல்லில் சிறுத்தை. அதன் மீசைக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது.

செவந்தி பத்தே நாளில் கற்றுக்கொண்டாள். அவர் கோலை நகர்த்த நகர்த்த இருபத்தொரு பெயரும் தண்ணீர் பட்ட பாடாக வந்தன. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மையைக் கூட்டிவந்து கேட்கச் சொன்னார்.

அம்மை முழுக்கக் கேட்டார். பிறகு குழந்தையின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். வரப்பில் ஒரு நரி நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு, பனிக்குள் போயிற்று.

"அது என்ன கண்ணு?"

"நாயி," என்றாள் செவந்தி.

பின்னாலேயே வந்த சிற்றம்பலம் கூடத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். நரி அவர் சுவரில் ஏழாவது படம். ஒப்பிக்கும்போது குழந்தை சுவரைப் பார்க்கவே இல்லை, கூரையில் கூடு கட்டிய குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என் படத்துல என்னம்மா குறை?" என்று கேட்டார்.

அம்மை சுண்ணாம்புச் சட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"முயலை மூடிருங்க. புதர் இருக்கட்டும்."

மறுநாள் கரடி போயிற்று, புற்று மிஞ்சியது. அடுத்த நாள் யானை போயிற்று, ஒடிந்த மூங்கில் மிஞ்சியது. நாளுக்கு ஒன்றாகத் தன் கையாலேயே மூடினார். மூடிய இடம் வெளியே நிற்கும் பனியின் நிறத்துக்கு வந்தது. எது சுவர், எது காலை என்று சில சமயம் அவருக்கே பிடிபடவில்லை. மனசு வலிக்கத்தான் செய்தது. சீடராயிற்றே, வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா?

அம்மையும் செவந்தியும் காலையில் குளக்கரைக்குப் போய் வெகுநேரம் கழித்து வருவார்கள். அங்கே என்ன பாடம் நடக்கிறது என்று குழந்தையிடம் நைசாக விசாரித்தார்.

"சும்மா உக்காந்திருந்தோம் தாத்தா," என்றாள் அவள்.

தாத்தா என்றது ஒரு பக்கம், சும்மா என்றது ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து அவரை அன்றைக்குச் சாப்பிடவிடவில்லை.

மார்கழி நடுவில் சிறுத்தை மட்டும் பாக்கி.

"இதை மட்டும் விட்டுருங்கம்மா," என்றார் சிற்றம்பலம். "இதைத் தெரிஞ்சுக்கத்தானே அவ வந்தா."

"உங்க இஷ்டம்," என்றார் அம்மை.

மறுநாள் அம்மைக்குக் காய்ச்சல். செவந்தியைக் குளத்துக்கு அவர்தான் கூட்டிப்போனார். பனி பாதி கலைந்திருந்தது, தூரத்தில் மயில் கத்திக்கொண்டிருந்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் புல்வெளி முழுக்கப் பொன்னிறம், ஒரு புல்தாள்கூட அசையவில்லை. எங்கோ கண்ட கனவுக்குள் மறுபடி வந்துவிட்டது போல இருந்தது. அவர் தன்னை மறந்து அதை நோக்கி நடந்தார்.

வேட்டியை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"வேண்டாம் தாத்தா."

"ஏன்? அங்க ஒண்ணுமில்லையே."

"மயிலு கத்தறத நிறுத்திருச்சு," என்றாள் செவந்தி மெதுவாக. "திரும்பிப் பாக்காம வாங்க."

அவள் கை சில்லென்று இருந்தது. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வெயில் ஏறிய பிறகு விறகுக்குப் போனவர்கள் சொன்னார்கள், அந்தப் புல் ஓரத்துச் சேற்றில் சிறுத்தையின் கால்தடம், இன்னும் ஈரம் காயவில்லை என்று.

சிற்றம்பலம் கூடத்தில் தனியாக உட்கார்ந்து தன் சிறுத்தையைப் பார்த்தார். மீசை, புள்ளி, வால் நுனி, ஒன்றும் விட்டுப்போகவில்லை. இதை வரைந்தவன் நேராக அதன் வாய்க்குள் நடந்திருப்பான்.

பிறகு சுண்ணாம்பைக் கரைத்தார். புல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மூடினார். சுண்ணாம்பு விழுந்த இடத்திலும் நாலைந்து தாள் புல்லை வரைந்தார், அசையாத புல்லாக.

தை முதல் வாரத்தில் ரங்காயி மகளை அழைத்துப்போக வந்தாள். கூடத்துக்குள் வந்து சுவரைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"சிறுத்தை எங்கீங்க சாமி?" என்றாள். "ஒரு புள்ளையக் குடுத்துட்டு இவளக் கொண்டாந்து விட்டேன். வெறும் புல்லுல்ல இருக்குது."

இதைச் சொல்லிக்கொண்டே அவள் சுவரின் பக்கம் போனாள். செவந்தி ஓடிப்போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்து ஓர் அடி பின்னால் இழுத்தாள்.

சிற்றம்பலம் ஏதோ சொல்லப்போய், அம்மையைப் பார்த்தார்.

அம்மை அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குதும்மா," என்றார். "இப்பத்தான் இவர் அதைச் சரியா வரைஞ்சிருக்காரு."