முள்ளம்பன்றியும் நாற்பது புத்தகங்களும்

உம் கொட்ட ஒருவர் இருந்தால் போதும், கதை தானாக நடந்து வரும். எங்கே, கொட்டுங்கள் பார்ப்போம்.

ஒரு காட்டில், பாறைக்கும் ஓடைக்கும் நடுவில், சிலுப்பன் என்றொரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்ததாம். அதற்குக் கூச்சம் அதிகம். யாராவது எதிரில் வந்து "சௌக்கியமா?" என்று கேட்டால் போதும், முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து நிற்கும். கேட்டவர் பயந்து ஒரு பக்கம் ஓடுவார். சிலுப்பனும் பயந்து வளைக்குள் ஓடிவிடும்.

அந்த வளைக்கு நேர் மேலேதான் ஓடைக்குப் போகிற பாதை. நாள் முழுக்கத் தலைக்கு மேலே யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள். முகம் தெரியாது. காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். யானை நடந்தால் கூரையிலிருந்து மண் உதிரும். மயில் நடந்தால், பின்னாலேயே யாரோ சருகைப் பெருக்கிக்கொண்டு வருவது போலிருக்கும்; அது மயிலின் தோகை.

கேட்டுக் கேட்டு, ஒவ்வொருவருடைய நடையையும் சிலுப்பன் எழுதி வைத்தது. தன் முள்ளில் ஒன்றுதான் எழுதுகோல். நாவல்பழச் சாறுதான் மை. தேக்கிலைகளைக் காயவைத்து, நாரால் கோத்து, மூன்று கோடைக்காலம் உட்கார்ந்து நாற்பது பிரதிகள் எழுதி முடித்தது. புத்தகத்துக்கு 'மேலே போனது யார்?' என்று பெயர் வைத்தது.

எழுதி முடித்த அன்று வாசலில் எட்டிப் பார்த்தால், எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறிக்கொண்டிருந்தன.

சிலுப்பன் கணக்குப் போட்டது. எறும்பு மேலே போனால் மழை கீழே வரும். மழை வந்தால் வளைக்குள் தண்ணீர் வரும். தண்ணீர் பட்டால் நாவல்பழ மை கரைந்து ஓடிவிடும். மரப்பொந்திலும் குகையிலும் இருப்பவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போனால்தான் மூன்று கோடைக்கால உழைப்பு பிழைக்கும். ஆனால் போய்க் கேட்க வாய் வர வேண்டுமே!

அப்போது அந்தப் பக்கமாக ஊளையப்பன் என்ற நரி வந்தது. காட்டில் எந்த விசேஷம் என்றாலும் முன்வரிசையில் நிற்கிற நரி அது.

"என்னப்பா, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?" என்று கேட்டது நரி.

சிலுப்பன் விஷயத்தைச் சொன்னது.

"நாற்பதுதானா? ப்பூ! நாலே நாள்ல காலி பண்ணிடறேன்."

"எப்படி அண்ணே?"

"நீ உள்ளேயே இரு. எழுதினவன் அடிக்கடி கண்ணில் பட்டா மதிப்புப் போயிடும். மிச்சத்தை என்கிட்டே விடு."

உள்ளேயே இருக்கச் சொன்னதும் சிலுப்பனுக்கு அப்படியொரு நிம்மதி. "நீங்க ஒரு தடவை படிச்சுப் பார்த்துடறீங்களா, அண்ணே?"

"படிக்கிறதெல்லாம் அப்புறம். முதல்ல அணிந்துரை வாங்கணும்."

நரி பிரதிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு நேராகச் சிங்கத்திடம் போனது. சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. நரி அதன் முன்னங்காலை மெதுவாக எடுத்து, நாவல்பழச் சாற்றில் தோய்த்து, ஒவ்வொரு பிரதியின் முதல் பக்கத்திலும் பதித்தது. நாற்பதாவது முறை சிங்கம் ஒரு கொட்டாவி விட்டது. அதைப் பாராட்டு என்று நரி எடுத்துக்கொண்டது.

பிறகு பாறைமேல் ஏறி நின்று கூவியது. "அரசரே பாராட்டிய நூல்! காடே எதிர்பார்த்துக் காத்திருந்த நூல்! நாளை உச்சிப்பொழுதில் வெளியீட்டு விழா!"

"நாம எதுக்குப்பா காத்திருந்தோம்?" என்று காட்டுப்பன்றி மானிடம் கேட்டது.

"எனக்கென்ன தெரியும்? அத்திப்பழம் கொடுக்கிறாங்களாம், வா" என்றது மான்.

மறுநாள் மருதமரத்தடியில் கூட்டம் நெரிந்தது. எழுதியவர் மட்டும்தான் இல்லை. யானை தலைமை தாங்கி முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டது. பெரிய மனிதர்கள் என்று நரி பார்த்து வைத்திருந்த இன்னும் நாலு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். காட்டுப்பன்றி அதில் ஒருவர். எல்லாருக்கும் கொன்றைப்பூ மாலை. வரவேற்றுப் பேசியது நரி. அறிமுகம் செய்து பேசியது நரி. வாழ்த்திப் பேச வேண்டிய ஆந்தை தூங்கிவிட்டதால் அதற்குப் பதிலாகப் பேசியதும் நரி.

பேச்சு முடிவதாக இல்லை. யானைக்குப் பசி. துதிக்கையில் இருப்பதோ காய்ந்த தேக்கிலை. முதலில் ஓரத்தைக் கடித்தது. பிறகு நடுவைக் கடித்தது. கடைசியில் எழுந்து, "மிகவும் சுவையான நூல்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அத்திப்பழத்தைத் தின்றார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

நரி ஓடி வந்து வளைக்குள் தலையை நீட்டியது. "அமோகம்! அமோகமான விழா!"

"எத்தனை பேர் எடுத்துப் போனாங்க, அண்ணே?"

"கைதட்டல் அக்கரை வரைக்கும் கேட்டுச்சு."

"எனக்கும்தான் கேட்டுச்சு. புத்தகம்?"

"அது... மெதுவாப் போகும். கவலைப்படாதே. இதைவிடப் பெரிசா இரண்டாவது விழா வெச்சுடுவோம்."

சிலுப்பன் வாசல் வழியே வானத்தைப் பார்த்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தது. முப்பத்தைந்து பிரதிகளும் நரி திருப்பிக் கொண்டுவந்து அடுக்கிய இடத்திலேயே இருந்தன.

இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் தவிட்டம்மா என்ற முயல், ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வளை வாசலுக்கு வந்தது. அது காட்டுப்பன்றி விழாவில் போட்டுவிட்டுப் போன பிரதி. குட்டிகளுக்குக் கீழே விரிக்கலாம் என்றுதான் முயல் பொறுக்கி வந்தது. விரிக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. உட்கார்ந்து முழுவதையும் படித்தது. படித்து முடித்ததும் இரண்டு காதும் விறைத்துக்கொண்டன.

"எழுதினவரைப் பார்க்கணும்" என்றது முயல்.

வாசலில் நின்ற நரி கையை விரித்தது. "அதெல்லாம் முடியாதும்மா. பாராட்டறதுன்னா என்கிட்டே சொல்லிட்டுப் போ."

"பாராட்ட யாரு வந்தா? சண்டை போட வந்திருக்கேன்."

"சண்டையா! அரசரே பாராட்டின புத்தகம் இது. உனக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?"

"ஏழாம் பக்கம் தெரியும். உனக்குத் தெரியுமா?"

நரி ஓடைப் பக்கம் பார்த்தது.

முயல் வளைக்குள் குனிந்து உரக்கப் படித்தது. "'முயல்: மூன்று தாவல், ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று தாவல், ஒரு நிறுத்தம். பாவம், பயந்த நடை.' உள்ளே இருக்கிறவரே, யாருய்யா பயந்தது? வந்து சொல்லும்!"

"வராதே!" என்று நரி உள்ளே கிசுகிசுத்தது. "வந்தா மானம் போயிடும். நான் துரத்தி விட்டுடறேன்."

ஆனால் சிலுப்பன் அதுவரை தன் வரியை இன்னொருவர் வாய் சொல்லிக் கேட்டதே இல்லை. கால் தானாக வெளியே வந்துவிட்டது. முள்ளெல்லாம் விறைத்து நின்றன. முயல் ஓடவில்லை.

"முதல்ல முள்ளை மடக்குங்க. கண்ணைக் குத்துது" என்றது.

சிலுப்பன் மடக்கப் பார்த்தது. பாதிதான் மடங்கியது. "பயம் இல்லைன்னா... ஏன் நின்னு நின்னு போறீங்க?"

"என் கடைசிப் பையன் பொட்டுவுக்கு ஒரு கால் சின்னது. மூணு தாவல் தாவினா அவன் பின்தங்கிடுவான். வந்து சேரட்டும்னு நிக்கறேன். இது பயமா?"

"கூட ஒரு குட்டி வர்றது எனக்குக் கேட்கவே இல்லையே!"

"எப்படிக் கேட்கும்? பஞ்சு மாதிரி கால் வைப்பான். மேலே வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சிலுப்பன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி மையில் தோய்த்தது. முயலின் பிரதியை வாங்கி, 'பாவம், பயந்த நடை' என்பதை அடித்தது. 'பொட்டு வந்து சேரும்வரை நின்று போகிற நடை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தது.

"மத்த பக்கமெல்லாம் எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டது.

முயல் மூக்கைச் சுளித்தது. "பரவாயில்லை. கரடியைப் பத்தி எழுதினதைப் படிச்சுட்டு மட்டும் சிரிப்பை அடக்க முடியலை."

அவ்வளவுதான். முயல் நேரே ஓடைக்குப் போனது. "என் பையன் பேர் புத்தகத்துல இருக்கு! எழுதினவரே திருத்திக் கொடுத்தார். தப்புன்னு சொன்னா கேட்டுக்கறார்ப்பா!" என்று தண்ணீர் குடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னது.

மறுநாள் விடிந்ததும் வளை வாசலில் கரடி நின்றது. "என்னைப் பத்தி என்ன எழுதி வெச்சிருக்கே? முயல் சிரிச்சுதாமே?" கரடிக்குப் பின்னால் மான் நின்றது. மானுக்குப் பின்னால் மயில் நின்றது.

நரிக்கு வியர்த்துவிட்டது. வளைக்குள் ஓடியது. "கெட்டது குடி! எல்லாரும் குறை சொல்ல வந்துட்டாங்க. நீ ஊரிலேயே இல்லைன்னு சொல்லிடறேன். அந்த முயலுக்குப் படிக்கவே தெரியாதுன்னு பாறையிலே ஏறிக் கூவிடறேன்."

"வேண்டாம் அண்ணே."

"அப்புறம் அரசர் பாராட்டு என்ன ஆகிறது?"

"அரசர் ஏழாம் பக்கத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே" என்றது சிலுப்பன்.

மிச்சமிருந்த பிரதிகளை ஒவ்வொன்றாக எடுத்து முதுகு முட்களுக்கு நடுவில் செருகிக்கொண்டது. வெளியே வந்தது. கூச்சத்தில் முட்கள் விறைத்தன. விறைக்க விறைக்கப் புத்தகங்கள் இன்னும் இறுக்கமாக நின்றன. அப்படியே ஓடைக்கரை மருதமரத்தடியில் போய் உட்கார்ந்தது. எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள்.

"உங்க நடையை நான் கீழே இருந்து கேட்டதுதான். சரியாக் கேட்டிருக்கேனான்னு நீங்கதான் சொல்லணும்" என்று கரடியிடம் சொல்லிவிட்டுப் படித்தது. "'கரடி: எட்டு அடி நடக்கும். ஒன்பதாவது அடியில் மரத்தில் முதுகைத் தேய்க்கும்.'"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பொய்!" என்று கத்தியது கரடி. "எனக்கு அப்படியெல்லாம் ஒரு பழக்கமும் கிடையாது."

"நடந்து காட்டேன்!" என்றது மயில்.

கரடி மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். "ஒன்று... இரண்டு..." எட்டு வரைக்கும் கம்பீரமாகப் போயிற்று. ஒன்பது என்று சொல்லும்போது கரடியின் முதுகு மருதமரத்தில் இருந்தது. அதன் கண்கள் சுகத்தில் பாதி மூடியிருந்தன.

சிரித்துச் சிரித்து மானுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கரடியும் சிரித்துவிட்டது. "கொடு ஒண்ணு. என் வீட்டுக்காரி இதையேதான் பத்து வருஷமாச் சொல்றா. நான் நம்பலை."

அடுத்து மான் வந்தது. தன் பக்கத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டது. ஒரு பிரதியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டது. மயில், "தோகைச் சத்தம் போதாது, கொலுசுச் சத்தம்னு எழுது" என்று சண்டை பிடித்தது. "கொலுசு போட்டுக்கிட்டு வாங்க, எழுதறேன்" என்றது சிலுப்பன். சொல்லி முடித்த பிறகுதான், தான் ஒரு பதிலடி கொடுத்திருக்கிறோம் என்று அதற்கே தெரிந்தது. மயில் சிரித்துக்கொண்டே இரண்டு பிரதி எடுத்தது, ஒன்று தங்கைக்காம்.

மத்தியானம் யானை வந்து, கூட்டத்துக்குப் பின்னாலேயே தயங்கித் தயங்கி நின்றது.

"அன்னிக்கு... பேச்சு ரொம்ப நீளமாப் போச்சா... நான் படிக்காமலே தின்னுட்டேன். இன்னொண்ணு கிடைக்குமா?"

"கிடைக்கும் ஐயா. கொஞ்சம் தழை சாப்பிட்டுட்டு வந்து வாங்கிக்குங்க" என்றது சிலுப்பன்.

பொழுது சாய்வதற்குள் பொந்துக்கு ஒன்று, குகைக்கு ஒன்று என்று புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன. முதுகில் ஒரே ஒரு பிரதி மிஞ்சியது. காற்று குளிர்ந்தது. முதல் தூறல் விழுந்தது. எல்லாரும் வீட்டைப் பார்க்க ஓடினார்கள்.

நரி மட்டும் போகவில்லை. காலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றது.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்லை. சும்மாதான்... என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கியா?"

"பதினோராம் பக்கம்" என்றது சிலுப்பன். படித்தும் காட்டியது. "'நரி: கூட்டத்தோடு வரும்போது பேசிக்கொண்டே வரும். தனியாக வரும்போது மெல்லப் பாடிக்கொண்டே வரும். சுருதி சேராது. ஆனாலும் அது கடந்து போகும்வரை நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.'"

நரி வாயைத் திறந்தது.

"சுருதி சேராதுன்னு எப்படிச் சொல்லலாம்? மண்ணுக்கு அடியிலே படுத்துக்கிட்டுக் கேட்டா எல்லாம் அப்படித்தான் கேட்கும்."

"அப்போ இங்கேயே பாடுங்க, அண்ணே. தப்புன்னா திருத்திடறேன்."

நரி சுற்றுமுற்றும் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு நாலு வரி பாடியது. சிலுப்பன் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கடைசிவரை கேட்டது.

"சேரலை, அண்ணே."

"புத்தகத்தைக் கொடு இப்படி!" என்றது நரி. "முழுசாப் படிச்சுட்டு நாளைக்கு வர்றேன். இதை இப்படியே விட முடியாது."

கடைசிப் பிரதியை வாயில் கவ்விக்கொண்டு, மழைத்துளி படாமல் தலையை நெஞ்சோடு தாழ்த்திக்கொண்டு, நரி வேகமாக நடந்து போனது.

நீதி: குறை சொல்ல வந்த வாசகரை உட்காரவைத்துப் பேசு, அவர் பின்னால் மற்ற வாசகர்கள் வருவார்கள்.