ஏரிக்குள் எழுந்த ஆரவாரம்

தீனே கோல் அடிப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூட்டத்தின் ஆரவாரம் மட்டும் நிற்கவில்லை.

ஸ்லோவேனியாவின் கால்பந்து அணிக்கு முன்கள ஆட்டக்காரனாக இருந்தவன் அவன். பத்தொன்பது வருஷம், ஏழு கிளப், இருநூற்று மூன்று கோல். முதுகில் எப்போதும் பதினோராம் எண். வலது முழங்காலில் மூன்றாவது அறுவை சிகிச்சை முடிந்ததும், "இனிமேல் நடக்க முடிந்தால் போதும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தொடங்கியது. பிற்பகல் மூன்று மணி அடித்தால் போதும், காதுக்குள் ஒரு மைதானமே எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாலும் சரி. முதலில் அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

ஒரு நாள் மகள் யானாவைப் பள்ளியிலிருந்து காரில் அழைத்து வரும்போது மூன்று மணி ஆகிவிட்டது. கோல் அடித்தவனைப் போல இரண்டு கைகளையும் உயர்த்தினான். கார் சாலையை விட்டுப் பள்ளத்தில் இறங்கியது. ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது.

அதன் பிறகே அவன் லுத்விக் என்ற துறவியைத் தேடிப் போனான். அவருடைய மடம் ஓர் ஏரிக்கரையில் இருந்தது. ஏரி என்று பெயர்தான். கோடையில் தரையிலுள்ள துளைகள் வழியே தண்ணீர் முழுவதும் வடிந்து வெறும் புல்வெளியாகிவிடும். மழைக்காலத்தில் அதே துளைகள் வழியே திரும்பி வரும்.

லுத்விக் அவனை மூன்று வாரம் விறகு பிளக்க வைத்தார். ஏன் வந்தாய் என்று விசாரிக்கவில்லை.

கடைசியில் அவனே கேட்டான். "சுவாமி, இந்தச் சத்தத்தை எப்படி நிறுத்துவது?"

"என்ன சொல்லிக் கத்துகிறார்கள்?"

"என் பெயரை."

"நாளை ஏரிக்குள் போய்க் கேட்போம்."

மறுநாள் மலையில் மழை. கீழே மூடுபனி. வற்றிக் கிடந்த ஏரியின் புல்வெளி நடுவே இருவரும் நின்றார்கள். மூன்று மணிக்கு ஆரவாரம் எழுந்தது. இந்த முறை அது காதுக்குள் கேட்கவில்லை. தரைக்கு அடியிலிருந்து வந்தது.

லுத்விக் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"உங்களுக்கும் கேட்கிறதா?" என்றான் தீனே.

"கேட்கிறது. பெரிய கூட்டம்."

பனிக்குள் ஒருவன் ஓடினான். இளைஞன். காலடியில் பந்து, முதுகில் பதினொன்று. வலது முழங்கால் எந்த நோவும் இல்லாமல் மடங்கி நிமிர்ந்தது. கோல் கம்பமே இல்லாத இடத்தில் பந்தை அடித்தான். கைகளை உயர்த்தினான்.

தீனே! தீனே! தரை அதிர்ந்தது.

தீனேயின் கைகளும் மேலே எழுந்தன.

அவன் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்தது. துளைகளிலிருந்து கருப்பாக, ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"கரைக்குப் போகலாம்" என்றார் லுத்விக்.

"இருங்கள் சுவாமி. கூப்பிடுகிறார்களே."

"அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவன்தான் கையை உயர்த்திவிட்டானே."

"முகம் தெரியவில்லை. ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வருகிறேன்."

இளைஞன் திரும்பினான். இருபது வயதில் கண்ணாடியில் பார்த்த முகம். கூட்டத்தில் யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் அவன் தீனேயைப் பார்த்தான். பார்வை அங்கே தங்கவில்லை. மறுபடி ஓடினான். அவன் ஓடிய இடத்தில் தண்ணீர் தெறிக்கவில்லை.

தண்ணீர் தீனேயின் முழங்காலைத் தொட்டது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அவனை எப்படிச் சுவாமி விட்டுவிட்டு வருவேன்? மூழ்கிவிடுவானே!"

லுத்விக் நனைந்த அங்கியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். தீனேயின் கையைப் பிடித்தார்.

"இங்கே மூழ்கக்கூடியவர்கள் நாம் இரண்டு பேர்தான்."