பாட்டு வேண்டாம், பழம் வேண்டும்!

மலைக்காட்டில் ஓர் ஓடை. ஓடைக்குக் கிழக்கே ஒரு பெரிய அத்திமரம், மேற்கே ஒரு பெரிய அத்திமரம். இரண்டிலும் இருவாச்சிப் பறவைகள் குடியிருந்தன. வாழைப்பழம் போல வளைந்த அலகு, அலகுக்கு மேலே தொப்பி வைத்த மாதிரி ஒரு கொண்டை. பறந்தால் யாரோ பாயை உதறுவது போலச் சத்தம் கேட்கும்.

கிழக்குக் கூட்டமும் மேற்குக் கூட்டமும் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்டால், "அது அந்தக் காலத்துச் சண்டை!" என்பார்கள். அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், "அது யாருக்குத் தெரியும்!" என்பார்கள்.

இருவாச்சிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் போய்விடும். மண்ணும் பழச்சக்கையும் எச்சமும் குழைத்து வாசலைத் தானே பூசி மூடிக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே போனதும் அதன் இறகெல்லாம் உதிர்ந்துவிடும். குஞ்சு பொரித்து, புது இறகு முளைத்து வெளியே வர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு. வேறு யாரும் ஊட்டக் கூடாது. வேறு யாரும் சுவரைத் தொடக் கூடாது.

மேற்கு மரத்தில் மஞ்சாடி என்று ஒரு பெண் இருந்தாள். அவள் சின்ன வயதிலேயே கேட்டாள்: "ஆண் ஒரு நாள் வராவிட்டால்?"

"அப்படியெல்லாம் கேட்கக் கூடாது!" என்றார் மேற்குப் பெரியவர்.

"கேட்டால்?"

"நல்ல பெண் கேட்க மாட்டாள்!"

மஞ்சாடி அதற்கப்புறமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஒருநாள் ஓடை வளைவில் நின்ற நாங்கு மரத்தில் ஒரே ஒரு காட்டுப்பழத்தை இரண்டு அலகுகள் ஒன்றாகக் கவ்வின. ஒன்று மஞ்சாடியுடையது. மற்றது கிழக்கு மரத்து வேங்கனுடையது.

"விடு! நான்தான் முதலில் பார்த்தேன்!" என்றான் வேங்கன்.

"பார்த்தால் ஆச்சா? நான் முதலில் கவ்வினேன்!"

"நீ மேற்குக்காரியா?"

"ஆமாம். நீ கிழக்குக்காரனா? கொம்பு முளைத்திருக்கும் என்றார்கள், ஒன்றையும் காணோமே!"

வேங்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் அலகு திறந்து பழம் அவளிடம் போய்விட்டது. அவள் பாதியைக் கடித்து மீதியை நீட்டினாள். அவ்வளவுதான். அடுத்த பூக்காலத்தில் இரண்டு கூட்டத்துக்கும் தெரியாமல் அதே நாங்கு மரத்துப் பொந்தில் குடித்தனம் வைத்தார்கள். சுருளி என்ற மலையணில் ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும்.

பொந்துக்குள் போகும் முன் மஞ்சாடி சொன்னாள்: "வேங்கா, நான் சுவரை மெல்லிசாத்தான் பூசுவேன். உள்ளே இருந்து ஒரு இடி இடித்தால் உடையணும்."

வேங்கன் முகம் சுருங்கியது. "என் மேல் நம்பிக்கை இல்லையா?"

"உன் மேல் இருக்கு. பருந்து மேல் இல்லை, புயல் மேல் இல்லை. இன்னொன்று, உன் தொண்டையில் என் சாப்பாடு இருக்கும்போது யார் என்ன சொன்னாலும் சண்டைக்குப் போகாதே."

"சரி, சரி!" என்றான் அவன்.

மஞ்சாடி உள்ளே போனாள், மெல்லிசாகப் பூசினாள். இறகுகள் உதிர்ந்தன. முட்டையிட்டாள்.

வேங்கனுக்கு மனசு ஆறவில்லை. கிழக்கு மரத்தில் ஆண் பறவைகள் கூடினால் பேச்சு எப்போதும் சுவரைப் பற்றித்தான்.

"என் வீட்டுச் சுவர் பாறை மாதிரி! கொத்தினால் அலகு வலிக்கும்!"

"பின்னே? பெண்டாட்டிக்கு நம்பிக்கை இருந்தால் சுவர் தடிக்கும். மெல்லிய சுவர் வைத்தவன் ஒரு ஆம்பளையா!"

கேட்கக் கேட்க வேங்கனுக்கு உடம்பு கூசியது. யாராவது அந்தப் பக்கம் வந்து, சுவரைப் பார்த்துவிட்டால்? விடியற்காலையில் பழம் கொண்டுபோகும்போதெல்லாம் அலகில் கொஞ்சம் மண்ணையும் கொண்டுபோனான். வெளிப்பக்கம் ஒரு பூச்சு பூசினான். மறுநாள் இன்னொரு பூச்சு.

"வேங்கா, சுவர் இறுகின மாதிரி இருக்கே?" என்றாள் மஞ்சாடி உள்ளிருந்து.

"வெயில்!" என்றான் வேங்கன்.

"காலையிலேயேவா?"

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி! இந்தா, பழம்!"

இரண்டு மாதம் போனது. ஒரு முட்டை கூமுட்டையாகிப் போனது. இன்னொன்றிலிருந்து குஞ்சு வந்தது. மஞ்சாடிக்குப் புது இறகுகளும் வளர்ந்துவிட்டன. இன்னும் கொஞ்ச நாள்தான்.

அப்போதுதான் மஞ்சாடியின் மாமன் மகன் கருக்கன் வேங்கனைப் பார்த்தான். வேங்கனின் தொண்டை பழத்தால் புடைத்திருந்தது.

"என்னடா கிழக்குக்காரா! யாருக்குச் சுமக்கிற?"

வேங்கன் பேசாமல் பறந்தான்.

"பதில் பேச வாய் இல்லையா? உங்கள் கூட்டத்தில் ஆண்களெல்லாம் பழம் பொறுக்கத்தான் லாயக்கு!"

வேங்கன் அப்போதும் பேசவில்லை. தொண்டையில் மஞ்சாடியின் சாப்பாடு.

"ஓடு, ஓடு! ஆம்பளை என்றால் திரும்பி வந்திருப்பாய்!"

அந்த ஒரு சொல்தான். வேங்கன் திரும்பினான். தொண்டையில் இருந்த பழங்களை ஒவ்வொன்றாகத் துப்பினான். இருபத்தேழு பழங்கள் ஓடையில் விழுந்து மிதந்து போயின. பிறகு வானத்தில் கொண்டையும் கொண்டையும் மோதின. டமார்! இரண்டாவது மோதலில் வேங்கனின் சிறகு மடங்கியது. சுழன்று சுழன்று பள்ளத்தாக்கில் விழுந்தான்.

கருக்கன் கொக்கரித்துக்கொண்டே வீடு திரும்பினான். "கிழக்குக்காரன் ஒருத்தன் தொலைந்தான்!"

சுருளி இதைக் கேட்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு மேற்கு மரத்துக்கு ஓடினாள். "ஐயோ, அவன் உங்கள் மஞ்சாடியின் புருஷன்! அவள் நாங்கு மரத்துப் பொந்துக்குள் இருக்கிறாள்! யாராவது பழம் கொண்டுபோங்கள்!" கிழக்கு மரத்துக்கும் ஓடி அதையே சொன்னாள்.

இரண்டு கூட்டமும் பாய் உதறினாற்போல் பறந்து வந்தன. ஆனால் ஒருவர் அலகிலும் பழம் இல்லை.

"தாத்தா! பசிக்குது! குஞ்சும் பசியில் அழுகிறது!" என்று மஞ்சாடி கீறல் வழியாகக் கூப்பிட்டாள்.

மேற்குப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புருஷன் ஊட்டாத பழத்தை நல்ல பெண் தொடமாட்டாள் அம்மா. பழைய காலத்தில் இப்படித்தான் ஒருத்தி, பொந்துக்குள்ளேயே உயிரை விட்டாள். அவளை இன்றைக்கும் பாடுகிறோம். உன்னையும் பாடுவோம்!"

"எனக்குப் பாட்டு வேண்டாம், பழம் வேண்டும்!"

"கேட்டீர்களா! சாகும்போதும் எவ்வளவு அடக்கம்! பாட்டுகூட வேண்டாம் என்கிறாள்!"

கிழக்குப் பெரியவர் உருகிப் போனார். "இப்படி ஒரு மருமகளா நமக்கு வாய்த்தாள்! நம் பகையை இந்தப் பெண் தன் உயிரைக் கொடுத்து அணைத்துவிட்டாள்!"

"இன்னும் கொடுக்கலை தாத்தா! உயிரோடுதான் இருக்கேன்!"

யார் கேட்கிறார்கள்? இரண்டு பெரியவர்களும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கருக்கன்கூட விக்கி விக்கி அழுதான். பிறகு எல்லோரும் கிளையில் வரிசையாக உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள்:

"பொந்தே உலகென்று புகுந்தவளே!
அவன் போன பின்னே தானும் போனவளே!"

"நான் எங்கேயும் போகலை! இங்கேதான் இருக்கேன்!" என்று மஞ்சாடி கத்தினாள். பாட்டுச் சத்தத்தில் அது அமுங்கிப் போனது.

சுருளி ஒரு பழத்தை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்தாள். "பாட்டுக்கு நடுவில் பழமா!" என்று அவளைத் துரத்திவிட்டார்கள்.

மஞ்சாடி குஞ்சை ஓர் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சுவரை இடித்தாள். சுவர் அசையவில்லை. மறுபடி இடித்தாள். அலகுதான் வலித்தது.

"மெல்லிசாத்தானே பூசினேன்! ஏன் பாறையா இருக்கு?"

சுருளி மரத்தின் பின்பக்கமாக வந்து எட்டிப் பார்த்தாள். "மஞ்சாடி, வெளியே இன்னொரு சுவர் இருக்குடி. இது உன் பூச்சு இல்லை."

மஞ்சாடி கீறல் வழியாக அலகை நீட்டி அந்தப் பூச்சைத் தடவிப் பார்த்தாள்.

"வெயில் என்றானே, பாவி!" என்றாள் மஞ்சாடி மெதுவாக. பிறகு அழுதாள். அவன் இறந்துவிட்டான் என்று அவர்கள் பாட்டில் கேட்டபோதுகூட அவள் இப்படி அழவில்லை. அழுது முடித்துவிட்டு மறுபடி கொத்தத் தொடங்கினாள்.

ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். சுருளி கிட்டே வரும்போதெல்லாம் துரத்திவிட்டார்கள். பாட்டில் புதுப்புது அடிகள் சேர்ந்தன. கொத்தும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. குஞ்சு அழுவதை நிறுத்திவிட்டது.

ஆறாம் நாள், ஓடைக்கரையில் ஏதோ ஒன்று தத்தித் தத்தி வந்தது. இருவாச்சி நடந்து வந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு சிறகு தரையில் இழுபட, சேறு பூசிய உடம்போடு, வேங்கன் வந்தான். கொடியைப் பிடித்து, கிளைக்குக் கிளை தாவி, விழுந்து, மறுபடி ஏறினான்.

"போனவன் வந்துவிட்டானே!" என்று பாட்டு பாதியில் நின்றது.

வேங்கன் யாரையும் பார்க்கவில்லை. நேரே சுவரைக் கொத்தினான்.

"டேய், என்ன செய்கிறாய்? எவ்வளவு கெட்டியான சுவர்! அவள் உன் மேல் வைத்த நம்பிக்கையடா அது!" என்றார் கிழக்குப் பெரியவர்.

வேங்கன் நின்றான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது அவள் நம்பிக்கை இல்லை தாத்தா," என்றான். "இது என் வெட்டி வீறாப்பு. அவளுக்குத் தெரியாமல் நான்தான் பூசினேன்."

அலகு நுனி உடைந்து ரத்தம் வந்தது. வெளிப் பூச்சு கட்டி கட்டியாக விழுந்தது. கடைசிக் கட்டி விழுந்ததும் உள்ளிருந்து ஒரே ஓர் இடி கேட்டது. மஞ்சாடியின் மெல்லிய சுவர் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

மெலிந்துபோன மஞ்சாடி தலையை நீட்டினாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பழம் எங்கே?"

"இருபத்தேழைத் துப்பிவிட்டேன். ஒன்று தொண்டையில் சிக்கிக்கொண்டது. அதை மட்டும் விழுங்காமல் கொண்டுவந்தேன்," என்று வேங்கன் ஒரு வாடிய அத்திப்பழத்தைக் கக்கி நீட்டினான்.

மஞ்சாடி அதை வாங்கிக் குஞ்சின் வாயில் வைத்தாள். குஞ்சு அலகை அசைத்தது. விழுங்கியது. "க்கீ!" என்றது.

"உன்னோடு பேச வேண்டியது நிறைய இருக்கு வேங்கா. முதலில் சாப்பாடு," என்று மஞ்சாடி சிறகை விரித்தாள்.

"புருஷன் உட்கார்ந்திருக்க, பெண் பழத்துக்குப் போவதா? அதுவும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு!" என்றார் மேற்குப் பெரியவர்.

"வழி விடுங்க தாத்தா, பசிக்குது!" என்று அவள் பறந்துவிட்டாள்.

பெரியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவள் சாகவில்லையே. இப்போது நம் சமாதானம் செல்லுமா, செல்லாதா?"

"ஆறு நாள் கட்டிப்பிடித்து அழுதாச்சு. இனிமேல் எந்த முகத்தோடு சண்டை போடுவது?" என்றார் மற்றவர். கருக்கன் பறந்துபோய், தொண்டை நிறைய பழத்தோடு திரும்பி வந்தான்.

வேங்கனின் சிறகு கூடிவர வெகு நாளாயிற்று. அதுவரை அவன் வாசல் கிளையில் காவல் உட்கார்ந்தான், மஞ்சாடி இருவருக்கும் ஊட்டினாள். உள்ளே இருந்த குஞ்சு, இருவாச்சிக் குஞ்சுகள் செய்வது போல, உடைந்த வாசலைத் தானே மறுபடி பூசத் தொடங்கியது.

வேங்கன் கீறல் பக்கம் குனிந்தான். "மெல்லிசாப் பூசு தங்கம். நீ ஒரு இடி இடித்தால் உடையணும்."

வீண் பெருமைக்காகக் கட்டிய சுவர் அன்பையே பட்டினி போடும். உள்ளே இருப்பவர் நினைத்தால் திறக்க முடிகிற வீடுதான் வீடு.