மணவாயில் நடந்த ஒத்திகை

தீவரசன் முத்துக் குளிப்பவர்களின் படகுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு திருப்பித் தர மறுத்துவிட்டான். மழைக்காலம் முடிந்ததும் தீவின் மேல் படையெடுப்பது என்று மன்னர் முடிவு செய்தார். படைத்தலைவன் காடன். ஐம்பதைத் தாண்டியவன், நிலத்தில் பல போர்களைப் பார்த்தவன். ஆனால் கடலைக் கடந்து போய் எதிரியின் மணலில் ஒரு படையை இறக்கிய அனுபவம் அந்த நாட்டில் யாருக்கும் இல்லை.

காடன் இரவு பகல் பாராமல் உழைத்தான். குதிரைகள் மிரளாமல் கப்பலேறச் சாய்வுப் பலகைகள் செய்யச் சொன்னான். குடிதண்ணீருக்கு மரப்பீப்பாய்கள் சேர்த்தான். முத்து வணிகர்களைக் கூப்பிட்டு, தீவில் எந்தக் கரையில் அலை தணிந்திருக்கும் என்று விசாரித்தான். அவர்கள் சொன்ன கரையைப் போலவே தன் நாட்டிலும் ஒரு கரை இருப்பது அவனுக்கு நினைவு வந்தது. மணவாய். அதே ஆற்றுமுகம், அதே மணல்திட்டு, பின்னால் அதே பனங்காடு. படையை முதலில் அங்கே இறக்கிப் பழக்குவது என்று தீர்மானித்தான்.

மணவாய்க் குன்றில்தான் அவனுடைய குரு இருந்தார். சமணப் பெண் துறவி. குரத்தியார் என்று எல்லோரும் அழைத்தார்கள். காடனைவிட வயதில் இளையவர். மனைவி இறந்த ஆண்டில் அவரிடம் வந்து சேர்ந்தவன் காடன்.

"அடிகள் சில நாள் உள்நாட்டுப் பக்கம் போய்த் தங்க வேண்டும். குப்பத்து ஜனங்களையும் அனுப்புகிறேன்."

"எதற்கு?"

"வீரர்கள் கரையேறுவார்கள். குடிசைக்குள் புகுந்து தேடுவார்கள். முனை மழுங்கிய ஈட்டிதான். ஆனாலும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது."

"அந்தக் கரையில் இருப்பவர்களுக்கும் சொல்லி அனுப்பினாயா?"

காடன் சிரித்துவிட்டான். "சொல்லிவிட்டுப் போனால் அது படையெடுப்பா, அடிகளே?"

குரத்தியார் சிரிக்கவில்லை. நடக்கும் வழியில் எறும்பு மிதிபடாமல் கூட்டும் மயிற்பீலியை எடுத்துக்கொண்டு குன்றைவிட்டு இறங்கினார்.

குப்பத்தில் கொற்றி என்ற மீன்காரி மட்டும் காடனை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என் கருவாடு இன்னும் ஒரு வெயில் காய வேண்டும், ஐயா. விட்டுவிட்டுப் போனால் நரி தின்னும்."

"நரியை நான் பார்த்துக்கொள்கிறேன், போ தாயே."

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஒத்திகை அன்று காற்று மாறி அடித்தது. மணல்திட்டில் மோதி ஒரு படகு கவிழ்ந்தது. கவசத்தோடு விழுந்தவர்களில் சிலர் எழவே இல்லை. மற்றவர்கள் உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு, வெறிபிடித்தவர்கள் போலக் கத்திக்கொண்டு கரையேறினார்கள். காடன் கப்பலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். இறந்தவர்களுக்காக மனம் கனத்தது. ஆனால் படை அவன் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பனங்காட்டை எட்டிவிட்டது. தீவு கையில் கிடைத்த மாதிரி இருந்தது அவனுக்கு.

கரையில் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கொற்றி கருவாட்டை அள்ளிப் போக யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்திருக்கிறாள். சத்தம் கேட்டுக் குடிசைக்குள் ஒளிந்திருக்கிறாள். எயினன் என்ற வீரன் உள்ளே புகுந்து, அந்த மழுங்கிய ஈட்டியாலேயே அவளை அடித்துக் கொன்றுவிட்டான்.

எயினனைக் கையைக் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காடனின் சொந்த ஊர்க்காரன். யாரிடமும் ஒரு வம்புக்குப் போகாதவன்.

"கண் அவிந்தா போயிற்று உனக்கு? நம் நாட்டுப் பெண்ணடா!"

"இதை எதிரியின் கரை என்று நினைத்துக்கொள்ளச் சொன்னீர்கள், ஐயா. கவிழ்ந்த படகில் என் தம்பி இருந்தான். உள்ளே ஏதோ அசைந்தது. எதிரியின் கரை என்றே நினைத்துக்கொண்டேன்."



குப்பத்து ஜனங்கள் திரும்பி வந்தார்கள். ஒருவரும் காடனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கொற்றியின் கணவன் என்ன செய்வதென்று தெரியாமல், சிதறிக் கிடந்த கருவாட்டைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அவர்களோடு வந்த குரத்தியார் குடிசைக்குள் கொற்றியின் உடலின் அருகே அமர்ந்திருந்தார். காடன் போய் எதிரே உட்கார்ந்தான்.

"அடிகளே, படைச் சட்டப்படி எயினன் தலை போக வேண்டும். அவனோ தம்பியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறான். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை."

"அவன் செய்தது குற்றம்தானா?"

"இதில் என்ன சந்தேகம்? குற்றம்தான்."

"எப்போது புறப்படுகிறீர்கள்?"

"காற்று திரும்பியதும்."

குரத்தியார் கொற்றியின் முகத்தில் ஒட்டியிருந்த மணலை மெதுவாகத் துடைத்தார்.

"தண்டிப்பதானால் இங்கேயே தண்டித்துவிடு, காடா. அந்தக் கரையில் இதையே செய்தால் நீ அவனுக்குப் பரிசு கொடுக்க வேண்டியிருக்கும்."

எயினனை என்ன செய்வது, கப்பல்களை எப்போது எடுப்பது என்று கட்டளை கேட்டு வந்த துணைத்தலைவர்கள் வாசலில் நின்றார்கள்.