புது பேட்டரி

வத்தலக்குண்டில், கொடைக்கானலுக்குச் சாலை பிரியும் இடத்தில் ரெஜினா பைக் பட்டறை வைத்திருந்தாள். ஊர் சுற்றக் கிளம்பியவர்களின் பெரிய வண்டிகள் மலையில் மக்கர் செய்தால் அவளிடம்தான் வந்து சேரும்.

குருவையா அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. லாரி ஓட்டி இடுப்பு போனவர். அவளைவிட மூத்தவர் என்பதால் அவள் அவரை அண்ணே என்றாள். தொழில் சொல்லித் தருகிறவள் என்பதால் அவர் அவளை அம்மா என்றார். அவர் கேள்வி கேட்டால் அவள் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. ஏதாவது ஒரு கருவியை எடுத்து அவர் கையில் கொடுப்பாள்.

ரெஜினா மதுரைக்குப் போயிருந்த ஒரு நாள், நாச்சியப்பன் என்பவர் தன்னுடைய பழைய டூரிங் வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் பெட்டி வைத்த கனமான வண்டி. மனைவி அலமேலுவைப் பின்னால் உட்காரவைத்து அதில் பாதி நாட்டைச் சுற்றியவர். சில நாட்களாக மேடு ஏறும்போது லைட் மங்குகிறது, காலையில் செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது என்றார்.

குருவையா பேட்டரியைப் பார்த்தார். செத்துக் கிடந்தது. புதுசு ஒன்றை மாட்டினார். பட்டனைத் தொட்டதும் வண்டி உறுமியது. உங்களுக்கு நல்ல கைராசி என்றார் நாச்சியப்பன்.

குருவையாவுக்கு அந்தச் சொல் இனித்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அது அவருக்குத் தெரியும். மீட்டர் உள்ளே மேசை மேல் இருந்தது. அவர் எழுந்து போகவில்லை.

மறுநாள் மத்தியானம் மலையில் மூடுபனி இறங்கியது. ஒரு வளைவில் நாச்சியப்பனின் வண்டி லைட் மங்கி அணைந்தது. இன்ஜினும் நின்றது. பின்னால் வந்த ஜீப்காரர் நடுரோட்டில் ஒரு வண்டி நிற்பதே தெரியாமல் வந்து மோதினார். அன்று அலமேலு கூட வராததால் தப்பினாள். நாச்சியப்பனின் வலது முழங்கால் நொறுங்கியது. காலை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் இனி மடக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மினி லாரியில் வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார்கள். பின்பக்கம் நசுங்கியிருந்தது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குருவையா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்கேம்மா தப்பு நடந்துச்சு?"

ரெஜினா மீட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் வேறொரு பேட்டரியை இணைத்து இன்ஜினை ஓடவிட்டார். மீட்டரில் எண் ஏற வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக அது இறங்கியது. இன்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர்கள் வெளியே வரும். அவற்றைத் தடவிக்கொண்டே போனார். சீட்டுக்கு அடியில், கரண்டைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டரோடு அவை சேரும் கனெக்டர் உருகிக் கரியாகிக் கிடந்தது. காயில் கொடுத்த கரண்ட் பேட்டரிக்குப் போய்ச் சேரவே இல்லை. புது பேட்டரி தன்னிடம் இருந்ததைக் கொடுத்து ஒரு நாள் ஓட்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

கருகியதை வெட்டி எடுத்தார். ஒயர் முனைகளைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் பற்றவைத்தார். ரெகுலேட்டரை மாற்றினார். துரு ஏறியிருந்த எர்த் ஒயரின் முனையை உப்புத்தாளால் தேய்த்தார். மறுபடி மீட்டர் வைத்தபோது எண் ஏறிப் பதினாலு வோல்ட்டைத் தாண்டி நின்றது.

"மீட்டர் வைக்கிறது ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லம்மா," என்றார். "அன்னைக்கே பார்த்திருந்தா..."

ரெஜினா இன்ஜினை அணைத்தாள்.

நாச்சியப்பனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் குருவையா. ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள்.

வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டு அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. குருவையா எப்படி ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே நாச்சியப்பன் பேசத் தொடங்கினார். பனிக்கு உதவும் என்று வண்டியின் முன்னால் கூடுதலாக இரண்டு லைட் மாட்டியிருந்தாராம். அலமேலு அப்போதே எதற்கு என்று கேட்டாளாம். அந்த இரண்டும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிட்டன என்றார்.

"நீங்க நல்லாத்தான் செஞ்சு குடுத்தீங்க. நான்தான் ஆசைப்பட்டுக் கெடுத்துக்கிட்டேன்."

அலமேலு காபி கொண்டுவந்து வைத்தாள். கணவர் பக்கம் திரும்பாமலே உள்ளே போனாள்.

குருவையா காபியைக் குடித்தார். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எழும்போது ரெஜினா, மறுபடி வருகிறோம் என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழியில் குருவையா, நீயாவது சொல்லியிருக்கலாமே என்றார்.

"எனக்கு வாய் இருக்குண்ணே. ஆனா அது நீங்க பேச வேண்டிய பேச்சு."

"இனிமே சொல்லி என்னம்மா ஆகப்போகுது? அவர் கால் மடங்குமா?"

"மடங்காது."

"அப்புறம் எதுக்கு?"

"அவர் படுத்த படுக்கையா மனசுக்குள்ள அந்த ரெண்டு லைட்டையும் கழட்டிக்கிட்டே இருக்கார்ண்ணே. காலையில கழட்டுறார், சாயந்திரம் கழட்டுறார். அது கழல மாட்டேங்குது."

மறுநாள் காலையில் குருவையா தனியாகப் போனார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார். லைட்டால் இல்லை, கனெக்டர் கருகியிருந்தது, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்கத் தெரிந்தும் பார்க்கவில்லை என்றார். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்றார்.

நாச்சியப்பன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அலமேலு ஈரக் கையோடு வெளியே வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கணவரின் தோளில் கை வைத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

குருவையா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நாச்சியப்பன் சுவரைப் பார்த்தபடியே, "நீங்க போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க," என்றார்.

அலமேலுவும் எழுந்து வழியனுப்பவில்லை.

அவர் பட்டறைக்குத் திரும்பியபோது ரெஜினா ஒரு வண்டியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள். குருவையா கீழே உட்கார்ந்தார்.

"மன்னிப்பார்னு நெனச்சேம்மா. ஒரு வார்த்தை சொல்லல. போகும்போது இருந்த பாரம் அப்படியே இருக்கு. இன்னும் கூடத்தான் இருக்கு."

ரெஜினா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள்.

"உங்க பாரத்தை இறக்கி வைக்கவாண்ணே போனீங்க?"

குருவையா எழுந்து உள்ளே போய் மேசை மேலிருந்த மீட்டரை எடுத்து வந்தார்.