கூண்டுக்குள் விரித்த குடை

கூவலூர் ஜமீன்தார், ஓர் ஆள் குனிந்து நிற்கத்தான் இடமுள்ள கூண்டில் ஆண்மயிலை அடைத்திருந்தார்.

"விருந்தாளிங்க முன்னாலே தோகை விரிக்கலேன்னா இது குழம்புக்குத்தான்" என்று வேலைக்காரி வெள்ளத்தாயிடம் சொல்லியிருந்தார்.

விருந்தாளிகள் வந்தார்கள். மயில் அசையவில்லை.

"ஏன் விரிக்கலே?" என்று ஜமீன்தார் உறுமினார்.

மயிலைச் சாகவிடுவதில்லை என்று உறுதியாக இருந்தாள் வெள்ளத்தாயி. "எசமான் குடை விரியுமுன்னே வேற குடை விரியக் கூடாதுங்கறது நம்ம ஊர் முறைங்களே. மயிலும் காத்திருக்கு, சாமி. உங்க குடைக்காரனை அது கண்ணெதிரே, கூண்டுக்குள்ளேயே விரிக்கச் சொல்லுங்க."

ஜமீன்தாருக்குப் பெருமை தாங்கவில்லை. குடைக்காரன் குனிந்து உள்ளே போய் விரித்தான். பாதியிலேயே குடை கூண்டில் முட்டி நின்றது. விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள்.

"மயிலோட குடை இதைவிடப் பெரிசுங்க" என்றாள் வெள்ளத்தாயி.

சிரிப்பு அடங்குமுன் ஜமீன்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "வண்டிக்கொட்டகையைக் காலி பண்ணி, அதோட முற்றத்துக்கும் சேர்த்து வலை கட்டுங்க. மயில் அங்கே இருக்கட்டும்."